இரண்டு ரின் எண்ணெய்

தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை காலை யசிந்தாவின் குசினிக்குள் மீன் மணந்தது. மீனென்று பார்த்தால் ஒரு செதில்கூட அங்கே இல்லை. சாம்பல் புதன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் அந்த வீட்டில் மீன்சட்டி அடுப்பில் ஏறுவதில்லை. மாமனார் காலத்திலிருந்து வருகிற ஒறுத்தல் அது. கடற்தொழில்காரர் வீட்டில் நாற்பது நாள் மீனில்லாமல் இருப்பதென்றால் சும்மாவா? ஆனால் தோட்டவெளி ஊர்ப் பூனைகளுக்கு இதெல்லாம் தெரியுமா என்ன! ஏழு பூனைகள் குசினி வாசலில் வந்து குந்தியிருந்து அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தன. அடுப்பில் நெல் அவிக்கிற கிடாரம். கிடாரத்துக்குள் கொதித்துக்கொண்டிருந்தது ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின்.

“யசிந்தா!” முன்னறையிலிருந்து கொலின்ஸ் கூப்பிட்டார். அவளுடைய கணவர். வாய் ஒரு பக்கம் கோணிப்போனதில் எந்தச் சொல்லும் அவருக்கு இழுபட்டுத்தான் வரும்.

“என்னப்பா?”

“மீன் மணக்குது.”

“பக்கத்து வீட்டிலை பொரிக்கினமாக்கும்.”

“தவக்காலத்திலையோ? அதுவும் வெள்ளிக்கிழமையோ? றஞ்சிதமோ?”

“எனக்கென்ன தெரியும்? நான் என்ன அவளின்ரை சட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டே நிக்கிறன்?”

பக்கத்து வீட்டு றஞ்சிதம், தவக்காலம் வந்தால் கருவாட்டுப் பானையின் வாயைக்கூடத் துணியால் கட்டி வைக்கிற மனுசி. பாவம், அவளுடைய தலையில் பழியைப் போட்டாயிற்று. யசிந்தா முழங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். பொய் சொல்வதும் ஒரு வேலைதான், அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். அவளுடைய தெம்பு காலை ஆறு மணிக்கே முடிந்துபோயிருந்தது. கொலின்ஸைத் தூக்கி இருத்தி, கழுவி, சாரம் மாற்றி, கஞ்சி பருக்கி, விழாத கையைப் பிடித்து நடத்தி, விழுந்த காலை இழுத்து நடத்தி, திரும்பக் கதிரையில் சாத்திவிட்டு வந்துதான் அவள் இந்த எஞ்சினுக்கு அடுப்பு மூட்டியது. ஐம்பத்துநாலு வயதில் இடுப்பு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.

கொலின்ஸுக்குப் பாரிசவாதம் வந்தது போன வருசம் ஆவணியில். முப்பத்தைந்து வருசம் கடலுக்குப் போன மனுசன், கரையில், வீட்டு முற்றத்தில், வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபடியே சரிந்து விழுந்தார். வலது கையும் காலும் போய்விட்டன. மன்னார் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து வீட்டுக்கு வந்தவர், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அவ்வளவுதான். சாப்பாட்டை நீட்டினால் வாயை இறுக்கினார். வவுனியாவில் படிப்பிக்கிற மகள் நிறஞ்சலா வந்து அழுது பார்த்தாள். ஃபாதர் வந்து மந்திரித்துப் பார்த்தார். கிளினிக்கில் இருந்த சின்ன டொக்ரர் பிள்ளைதான் சொன்னது, “அம்மா, இவருக்கு ஏதாவது வேலை குடுங்கோ. கையாலை இல்லாட்டியும் யோசிக்கிற வேலை. இல்லாட்டி இப்பிடியே போயிடுவார்.”

என்ன வேலை வேண்டும் என்று யசிந்தா கேட்டாள்.  நாலாம் நாள் சுவரைப் பார்த்தபடியே ஒரு சொல் சொன்னார்.

“பன்ரம்.”

யசிந்தா பின் கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஐயோ, கேட்காமலே இருந்திருக்கலாம்.

பன்ரம் என்பது பின் கொட்டிலில் படங்குத் துணிக்குக் கீழே கிடந்த பி.எஸ்.ஏ. பன்ரம் மோட்டார் சைக்கிள். தலைமன்னார் ஸ்ரேசன் மாஸ்ரர் ஒருவர் இடம் மாறிப் போகும்போது கொலின்ஸின் தகப்பனுக்கு விற்றுவிட்டுப் போனது. அப்போதே அது பழசு. கொலின்ஸ் அதில்தான் யசிந்தாவைப் பெண் பார்க்க வந்தார். கலியாணத்தன்று கோவிலுக்குப் போனதும் அதில்தான். அது கடைசியாக ஓடியது தொண்ணூறாம் ஆண்டில்.

சரி, வேலை தொடங்கியது. வாய் அவருடையது, கை இவளுடையது. கொலின்ஸ் சாய்மனைக் கதிரையில் இருந்து இடது கையால் காட்டுவார், யசிந்தா நிலத்தில் சாக்கு விரித்துக் குந்தியிருந்து கழற்றுவாள்.

“அந்த நட்டு இல்லை, மற்ற நட்டு.”

“எந்த மற்ற நட்டு?”

“பெரிசு.”

“எல்லாம் பெரிசாத்தான் கிடக்கு.”

“உனக்குக் கண் பொட்டையோ?”

“எனக்குக் கண் இருக்கு, உங்களுக்குத்தான் வாய் கூடிப்போச்சு!”

இப்படியே மாசி முழுக்க. அவளுடைய பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது. சேலை எல்லாம் எண்ணெய்க் கறை. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: மனுசன் சாப்பிடத் தொடங்கிவிட்டார். காலையில் எழும்பியதும் முதல் கேள்வி, “இண்டைக்கு எதைக் கழட்டுறம்?” திட்டுவதற்காகவாவது நிமிர்ந்து இருந்தார். அதனால் அவளால் நிறுத்தவும் முடியவில்லை. எஞ்சினைத் திறக்கத் திறக்க மனுசனுக்கு உயிர் வந்தது, அவளுக்கு உயிர் போனது.

ஏனென்றால் அந்த எஞ்சினுக்குள் இருந்தது சுறா எண்ணெய். வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிற அதே சுறா எண்ணெய். அது கொலின்ஸுக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறவர்களில் அது தெரிந்த ஒரே ஆள் யசிந்தா.

தொண்ணூறாம் ஆண்டு கொலின்ஸ் தொழிலுக்குக் கற்பிட்டி மீன்வாடிக்குப் போகும்போதே நிலைமை சரியில்லை. போகிற அன்று இரண்டு தகர ரின் எஞ்சின் எண்ணெயைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தார். மன்னார் பஜாரில் ஜுனைதீனின் தகப்பன் கடையில் வாங்கியது. ஜுனைதீன் அவருடைய கூட்டாளி, எருக்கலம்பிட்டிக்காரன். அவனிடமும் ஒரு பன்ரம் இருந்தது. இரண்டு பேரும் தலைமன்னார் ரோட்டில் போட்டிக்கு ஓடி இரண்டு தகப்பன்மாரிடமும் அடி வாங்கியவர்கள்.

“இஞ்சை பார் யசிந்தா, பிரச்சினை எண்டு வந்தா இதை விட்டிட்டு ஓடிப்போயிடாதை. பிளக்கைக் கழட்டிப்போட்டு எஞ்சினுக்குள்ளை இந்த எண்ணெயை முட்ட ஊத்து. கிளச் பெட்டிக்குள்ளையும் ஊத்து. சாக்காலை சுத்தி மணலுக்கை தாட்டுப் போடு. பத்து வருசம் கிடந்தாலும் ஒண்டும் ஆகாது.”

பிரச்சினை வந்தது, சண்டை திரும்பத் தொடங்கியது. பாதைகள் பூட்டுப்பட்டுக் கொலின்ஸ் கற்பிட்டியில் நின்றுவிட்டார். யசிந்தாவுக்கு இருபது வயது, வயிற்றில் ஐந்து மாதம். பேசாலைக் கரையில் சனம் பெட்டி படுக்கையோடு நின்றது, வள்ளங்கள் இராமேஸ்வரம் போய்க்கொண்டிருந்தன. ஒரு வள்ளக்காரன் சொன்னான்: “பெற்றோல் கிடக்கு. கலக்கிறதுக்கு எண்ணெய் இல்லை. எண்ணெய் இல்லாமல் போனா நடுக்கடல்லை எஞ்சின் இறுகும். எண்ணெய் வைச்சிருக்கிற ஆக்களுக்கு இடம் தாறன்.”

யசிந்தா மாமனாரைப் பார்த்தாள். மாமனார் அவளுடைய வயிற்றைப் பார்த்தார். இரண்டு பேரும் வீட்டுக்குப் போய் இரண்டு ரின்னையும் எடுத்தார்கள்.

“அப்ப பன்ரத்துக்கு, மாமா?”

மாமனார் கொட்டிலுக்குள்ளிருந்து சுறா எண்ணெய்ப் பானையைத் தூக்கி வந்தார். “இது எங்கட வள்ளத்தை நாப்பது வருசமாக் காப்பாத்துது பிள்ளை. உப்புத்தண்ணியிலை பலகையைக் காப்பாத்திறது, மணலுக்கை இரும்பைக் காப்பாத்தாதோ?”  ஊற்றினார்கள். சாக்குக்கும் அதையே பூசிச் சுற்றி, பனைக்குக் கீழே புதைத்தார்கள். “கொலின்சுக்கு நான் சொல்லுறன், நீ பேசாமல் இரு” என்றார் மாமனார். சொல்வதற்கு அவர் இருக்கவில்லை. கொலின்ஸ் எப்படியோ கடல் கடந்து மண்டபம் அகதி முகாமுக்கு வந்து சேர்வதற்கு மூன்று கிழமைக்கு முன்பே மாமனார் காய்ச்சலில் போய்விட்டார். தகப்பனுக்கு அழுது முடித்த பிறகு கொலின்ஸ் கேட்டார், “பன்ரத்துக்கு அந்த எண்ணெயை ஊத்தினியளோ?” முகாமில், கைப்பிள்ளையோடு, அந்த அழுத முகத்தைப் பார்த்து அவள் சொன்னாள், “ஓம்.”

அந்த ஒரு ‘ஓம்’தான் வினை.

சுறா எண்ணெய் பலகையைக் காப்பாற்றுவதே அதில் காய்ந்து படலமாக ஒட்டிக்கொள்வதால்தான். இரும்புக்குள் பதின்மூன்று வருசம் கிடந்தால்? இரண்டாயிரத்து மூன்றில் திரும்பி வந்து தோண்டி எடுத்தபோது வெளியில் ஒரு பொட்டுத் துருவில்லை. உதைத்தால் அசையவில்லை. பிளக் துவாரத்துக்குள் குச்சியை விட்டால் கறுப்புப் பிசின் வந்தது. சாக்கெல்லாம் மீன் எண்ணெய் பூசியிருந்ததால் மணத்துக்கு ஒருவரும் காரணம் தேடவில்லை. கொலின்ஸ் மணலில் அப்படியே இருந்துவிட்டார். பிறகு சொன்னார், “கழிச்ச எண்ணெயை ரின்னிலை அடைச்சு வித்திருக்கிறாங்கள். கூட்டாளி எண்டும் பாக்காமல்.”

யசிந்தா மண்வெட்டியோடு பக்கத்தில் நின்றாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை.

அடுத்த வருசம் ஜுனைதீனும் வந்தான். எருக்கலம்பிட்டி முஸ்லிம் சனத்தையும் அந்தத் தொண்ணூறில், ஐப்பசியில், இயக்கம் உடுத்த உடுப்போடு ஊரைவிட்டு அனுப்பியிருந்தது. பதினாலு வருசம் புத்தளத்தில் இருந்துவிட்டு வந்தவன் முதலில் தேடி வந்தது கூட்டாளி வீட்டுக்கு. கொலின்ஸ் அவனை வேலிப் படலையிலேயே மறித்தார். ரோட்டில் சனம் போய்க்கொண்டிருக்க, “உன்ரை வாப்பா கள்ளன்” என்றார். ஜுனைதீன் திரும்பிப் போனான். தோட்டவெளிக்கும் எருக்கலம்பிட்டிக்கும் என்ன, பஸ்ஸில் பத்து நிமிசம். இருபது வருசமாக இரண்டு பேரும் பஜாரில் எதிர்ப்பட்டால் ரோட்டின் இரண்டு கரைக்குப் போவார்கள். அன்றைக்கும் யசிந்தா படலையடியில்தான் நின்றாள். அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

இப்போது அந்த எஞ்சின் அவளுடைய குசினியில் அவிகிறது. மணந்தால் போச்சு.

இரண்டு நாள் அவித்து, தின்னரில் ஊறப்போட்டு, மரச் சுத்தியலால் தட்டியபோது பிஸ்ரன் அசைந்தது. யசிந்தா ஒவ்வொரு சாமானையும் முதலில் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் பிசின் போகச் சுரண்டி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொலின்ஸின் மடியில் வைத்தாள். அவர் இடது கையால் தடவித் தடவிப் பார்த்தார்.

“பார், துருவே இல்லை. பிசினைத் தவிர ஒரு பிழையும் இல்லை.” பிறகு முகம் சுருங்கியது. “சரியான எண்ணெயெண்டா எப்பவோ ஓடியிருக்கும்.”

அவள் எழும்பிப் போய் அடுப்பை ஊதினாள். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

வேலை வந்து நின்றது கிளச்சில். பழைய பன்ரத்தின் கிளச் பிளேட்டுகளில் வட்டம் வட்டமாகக் கோர்க் பதித்திருக்கும், போத்தல் மூடுகிற அதே கோர்க். பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கத்தியால் நெம்பியதில் கோர்க்கெல்லாம் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. புதுப் பிளேட் வேண்டும். அதைத் திரும்பப் பூட்டுவதற்கு ஸ்பிரிங்குகளை அமத்திப் பிடிக்கிற ஒரு சாமானும் வேண்டும். யசிந்தா மன்னார் பஜாரில் கடை கடையாக ஏறினாள். ஒரு கடைப் பெடியன் சிரித்தான், “அன்ரி, இதைக் காட்சிக்கு வைக்கலாம்.” கடைசிக் கடைக்காரர்தான் யோசித்துச் சொன்னார், “எருக்கலம்பிட்டி ஜுனைதீன் நானாட்டைக் கேட்டுப் பாருங்கோ. அவரிட்டைத்தான் ஒருக்கால் இருந்தது.”

வீட்டுக்கு வந்து, கடைகளில் இல்லை என்று மட்டும் சொன்னாள்.

“ஒருத்தனிட்டை இருந்தது” என்றார் கொலின்ஸ். “விடு. இத்தோடை விடு.”

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. இரவும் இல்லை. அடுத்த நாள் கதிரையில் இருத்த வந்தபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். யசிந்தா கஞ்சிக் கோப்பையோடு நின்றாள். இவ்வளவு பாடுபட்டு, நகத்தைக் கொடுத்து, இடுப்பைக் கொடுத்து, திரும்பவும் அதே சுவர். அவளுக்கு அழுகைகூட வரவில்லை, களைப்புத்தான் வந்தது.

குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைக்குப் போகிறேன் என்று சொல்லி, றஞ்சிதத்தைக் காவலுக்கு இருத்திவிட்டு, பஸ் ஏறி எருக்கலம்பிட்டிக்குப் போனாள்.

ஜும்ஆ முடிந்து ஜுனைதீன் கடையைத் திறந்து வைத்திருந்தான். சின்னக் கடை. தாடி முழுக்க வெளுத்துவிட்டது. அவளைக் கண்டதும் எழும்பினான்.

“தங்கச்சி! இருங்கோ. நோன்பு நாள், ஒரு தேத்தண்ணி தர ஏலாமக் கிடக்கு.”

“பரவாயில்லை நானா. எனக்கும் தவக்காலம்தான்.”

“கொலின்ஸ் எப்பிடி?” என்றான். அவள் பதில் சொல்வதற்குள் அவனே சொன்னான், “கேள்விப்பட்டு ஆஸ்பத்திரி வாசல் மட்டும் வந்தனான். உள்ளுக்கு வரேல்லை.”

அவள் விசயத்தைச் சொன்னாள். ஜுனைதீன் வீட்டுக்குள் போய் ஒரு பால்மாத் தகரப் பேணியைக் கொண்டுவந்தான். உள்ளே எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய மூன்று பிளேட்டுகள், ஒரு இரும்பு அமத்தி.

“என்ரை பன்ரம் போன இடம் தெரியாது. நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கு இதுகள் மட்டும் கழட்டினபடி என்ரை பையுக்கை கிடந்தது. புத்தளம் வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறன். கொண்டு போங்கோ. கோர்க்கை ஒரு நாள் முழுக்க எண்ணெயிலை ஊறப்போடுங்கோ, காஞ்சபடி பூட்டினா எரிஞ்சுபோயிடும்.” கொஞ்சம் நிறுத்தினான். “எண்ணெயை வேறை எங்கையாவது வாங்குங்கோ. நான் தந்தா அவன் ஊத்த மாட்டான்.”

“நானா...”

“வாப்பா மௌத்தாகிற கிழமையும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவர், ‘மகன், அந்த மாசம் வந்த எண்ணெய்ப் பரலிலை ஏதும் பிழை இருந்திருக்குமோ?’ எண்டு. நாப்பது வருசம் கடை வைச்ச மனுசன், ஒரு துளி கலந்ததில்லை. ஆனா சொன்னது கொலின்ஸ் எண்டதாலை அவருக்கே சந்தேகம் வந்திட்டுது.”

அவனுடைய குரலில் கோபமில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். இதென்ன பாவம், கடவுளே! தான் செய்த ஒன்றுக்காக, செத்துக்கொண்டிருந்த ஒரு கிழவன் தன்னையே சந்தேகப்பட்டிருக்கிறான். யசிந்தா பேணியை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.  பஸ்ஸில் இருக்கை இருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

றஞ்சிதம் போன பிறகு, கொலின்ஸின் கட்டிலில் பேணியை வைத்தாள். அவர் சுவரைவிட்டுத் திரும்பினார். பிளேட்டுகளைக் கண்டதும் கண் விரிந்தது. இடது கையால் அமத்தியை எடுத்துத் திருப்பினார். அதன் ஓரத்தில் உளியால் ஒரு ‘ஜு’ வெட்டியிருந்தது. வெட்டியது அவரே, நாற்பது வருசத்துக்கு முதல்.

“அவன்ரை வாசலுக்குப் போனியோ?”

“போனனான்.”

“என்ரை மானத்தை விக்கப் போனியோ? என்ரை எஞ்சினை நாசமாக்கினவன்ரை—”

“கொலின்ஸ்.”

முப்பத்தைந்து வருசத்தில் அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் பாதியில் நின்றுவிட்டார்.

“அந்த எண்ணெய் எஞ்சினுக்கை போகேல்லை. ரெண்டு ரின்னையும் நான் வள்ளக்காரனுக்குக் குடுத்தனான். எண்ணெய் இருந்தால்தான் ஏத்துவன் எண்டவன். எஞ்சினுக்கை மாமாவும் நானும் ஊத்தினது சுறா எண்ணெய். குசினியிலை மீன் மணந்தது றஞ்சிதம் பொரிச்சதில்லை. உங்கட எஞ்சின் மணந்தது.”

 கொலின்ஸின் கையிலிருந்து அமத்தி நழுவிப் பாயில் விழுந்தது. “என்னைத் திருப்பி விடு” என்றார். சுவர்ப் பக்கம் திருப்பி விட்டாள்.

சனிக்கிழமை அவர் சாப்பிடவில்லை. குருத்து ஞாயிறு ஒரு வாய் தண்ணீர். திங்கள் காலை கஞ்சிக் கரண்டியை நாக்கால் தள்ளினார். நிறஞ்சலா போன் எடுத்தபோது, “அப்பா நித்திரை” என்று இன்னொரு பொய். யசிந்தா குருத்தோலையை மாதா சுருவத்துக்குப் பின்னால் செருகிவிட்டு நினைத்தாள்: உண்மையைச் சொல்லி மனுசனைக் கொல்லப் போகிறேன். சொல்லாமலும் இருபது வருசம் கொன்றிருக்கிறேன். இதற்கு நடுவில் ஒரு வழி இருந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை.

திங்கள் பின்னேரம் அவள் பொறுமை அறுந்தது. சாமான்களையெல்லாம் சாக்கோடு இழுத்து வந்து அவருடைய கட்டிலடியில் டமாரென்று போட்டாள்.

“சாகிறதெண்டாச் சாகுங்கோ! ஆனா இதைப் பூட்டிப்போட்டுச் சாகுங்கோ. நான் கழட்டத்தான் பழகினனான், பூட்டத் தெரியாது. இந்த இரும்புகளை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ பாப்பம்!”

சுவரைப் பார்த்தபடியே கொலின்ஸ் பேசினார். மூன்று நாள் பேசாத வாய், சொற்கள் இன்னும் இழுபட்டன.

“பிள்ளைக்காகத்தானே குடுத்தனி.”

“ஓம்.”

“அதைச் சொல்ல என்ன பயம்? ஏன் குடுத்தனி, எண்ணெயைத் திருப்பித் தா எண்டு கேட்டிருப்பனெண்டு நினைச்சியோ?”

யசிந்தா நிலத்தில் இருந்தாள். “முதல் பயம். பிறகு நீங்கள் ஜுனைதீனைப் பேசின பிறகு வெக்கம். பிறகு... பழகிப்போச்சுதப்பா.”

“நான் அவன்ரை வாப்பாவை நடுரோட்டிலை கள்ளன் எண்டனான். நீ பக்கத்திலை நிண்டனி.”

“நிண்டனான்.”

  வெளியே கழுதை ஒன்று வேலியில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது, வேலி ஆடியது. கொலின்ஸ் தலையைத் திருப்பினார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. மூன்று நாளும் மனுசன் சுவரைப் பார்த்து என்ன செய்திருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

“போனை எடு.”

அவள் இலக்கத்தை அழுத்தி அவருடைய இடது காதில் வைத்தாள். மறுபக்கம் “ஹலோ” என்றது. 

“மச்சான். கொலின்ஸ். அந்த எண்ணெய்... நல்ல எண்ணெய். எஞ்சினுக்கை அது போகவே இல்லை. நான்தான் பிழை. வாப்பா நல்ல மனுசன்.”

இருபது வருசத்துச் சண்டைக்கு அவ்வளவுதான் வார்த்தை.  பிறகு ஜுனைதீன், “வாப்பா போய்ப் பதினொரு வருசம், கொலின்ஸ்” என்றான். போன் கட்டாகியது.

அன்றிரவு கொலின்ஸ் கஞ்சி குடித்தார். அரைக் கோப்பைதான். உயிர்ப்புக்கு முந்தின பெரிய கிழமை முழுக்கப் பிஸ்ரனும் சிலிண்டரும் பூட்டினார்கள். திட்டு இல்லை, சத்தமில்லை, நட்டு எது என்று அவர் மெதுவாகக் காட்டினார். அந்த மெதுவைத்தான் யசிந்தாவால் தாங்க முடியவில்லை. கோர்க் ஊறப்போட எண்ணெய் வாங்கட்டோ என்று இரண்டு தரம் கேட்டாள். “இப்ப வேண்டாம்” என்றார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. வராது என்றும் தோன்றியது.

உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த நாள், படலையில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. ஜுனைதீன் இறங்கினான். இரண்டு கையிலும் இரண்டு ரின்.

முன்னறைக்குள் வந்து கொலின்ஸின் கதிரைக்கு முன்னால் நின்றான். கொலின்ஸ் எழும்பப் பார்த்தார், ஏலவில்லை. ஜுனைதீன் அவருடைய விழுந்த கையைத் தூக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

“வெள்ளிக்கிழமை கபுறடிக்குப் போய் வாப்பாட்டைச் சொன்னனான்” என்றான்.  இரண்டு கிழவர்களும் அழுதார்கள். யசிந்தா வாசலில் நின்றாள். உள்ளே போக அவளுக்கு முகமில்லை. ஜுனைதீன்தான் திரும்பிப் பார்த்து, “பிள்ளைத்தாய்ச்சி உயிரைக் காப்பாத்தக் குடுத்த எண்ணெய், தங்கச்சி. அது வாப்பாக்குத் தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு ரின் தந்திருப்பார். சொல்லியிருக்கலாம்” என்றான். அந்தச் ‘சொல்லியிருக்கலாம்’ அவளுக்குச் சாகும்வரைக்கும் போதும்.

முதல் ரின்னில் கோர்க்குகளை ஊறப்போட்டார்கள். அடுத்த நாளும் ஜுனைதீன் நோன்போடு வந்தான். அவன் அமத்தியைத் திருக, யசிந்தா வளையத்தைத் தள்ள, கொலின்ஸ் இரண்டு பேரையும் திட்ட, கிளச் பூட்டுப்பட்டது. அன்று பின்னேரம் பத்தொன்பதாவது உதையில் பன்ரம் வெடித்து எழும்பியதையும், முப்பத்துநாலு வருசத்துச் சுறா எண்ணெயின் மிச்சம் புகையாகப் போய்த் தோட்டவெளி முழுக்க மீன் பொரித்த மணம் அடித்ததையும், பூனைகள் ரோட்டை மறித்ததையும் ஊர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும். உதைத்தது யசிந்தா என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

ஆனால் அதற்கு முன்பு நடந்த ஒன்று ஊருக்குத் தெரியாது. கிளச் பெட்டியை மூடியாயிற்று, எண்ணெய் ஊற்ற வேண்டும். ஜுனைதீன் இரண்டாவது ரின்னை உடைத்து யசிந்தாவிடம் நீட்டினான். “நீங்கள் ஊத்துங்கோ” என்றான். அவள் ரின்னை வாங்கினாள்.  பொன் நிறத்தில் எண்ணெய் நூலாக இறங்கத் தொடங்கியது.

கொலின்ஸ் கதிரையில் இருந்து எட்டிப் பார்த்தார். வாயின் நல்ல பக்கம் மெல்ல மேலே ஏறியது.

“முட்ட ஊத்து யசிந்தா. வள்ளக்காரன் ஆரும் வந்து கேட்டா, இல்லையெண்டு சொல்லு.”

யசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பென்றுதான் தொடங்கியது. பிறகு தோள்கள் குலுங்கின, கண் மறைத்தது, ரின் ஆடி எண்ணெய் நிலத்தில் கொஞ்சம் சிந்தியது. ஒருவரும் அவளை ஏசவில்லை. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு மிச்சத்தை ஊற்றினாள்.